இருட்டுறதுக்குள்ள ஒரு இடம்

மணி நாலே முக்கால்தான் ஆகுது, அதுக்குள்ள உலகம்மா வண்டிய மெதுவாக்கிட்டா. இடம் பாக்க ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். இனி நான் வாயத் தொறக்கப்படாது. தொறந்தா, ‘செத்த சும்மா வாங்க, மோப்பம் போயிரும்’பா. மோப்பம்னுதான் சொல்லணும், வேற என்னன்னு சொல்ல? முப்பத்தோரு வருசமா என் பொண்டாட்டி, அதுல பத்தொம்பது வருசம் தென்காசியில ஸ்கூல் வேன் ஓட்டுனவ, ஆனா ராத்திரி தங்குததுக்கு ரோட்டோரமா ஓசியில இடம் பிடிக்கிற இந்த வித்தை இவ கையில இருக்குன்னு எனக்கே இந்தத் தை மாசந்தான் தெரிஞ்சுது. திடீர்னு ஒரு நாளு வேன்ல இருந்த சீட்டையெல்லாம் கழத்திப் போட்டா. ‘மெத்தை தச்சுத் தாங்க, ஊரு பாக்கப் போவோம்’னா. நான் டெய்லரு, தச்சுக் குடுத்தேன். சன்னலுக்குத் திரை, கொசுவலை, தலகாணிக்கு உறை. போயிட்டு வந்து போயிட்டு வந்து நாப்பத்தோரு ராத்திரி ஆச்சு, ஒரு லாட்ஜு வாசப்படி மிதிக்கல. இந்தா பாருங்க, எப்படிப் பாக்கான்னு. இடத்தப் பாக்க மாட்டா, நாயப் பாப்பா. நாய் கால நீட்டிப் படுத்துக் கெடந்தா அது சோறு திங்குத நாயி, பக்கத்துல குடும்பம் இருக்கு, நிக்கலாம். நாய் நின்னுக்கிட்டு மொறச்சா வண்டி நிக்காது. பெறவு தரையப் பாப்பா. பிளாஸ்டிக் தம்ளரும் உடைஞ்ச பாட்டிலும் கெடந்தா எட்டு மணிக்கு மேல அங்க யாரு வருவான்னு தெரியும்லா, அங்கயும் நிக்காது. லாரிக்காரங்க சோறு பொங்குன அடுப்புக் கல்லு கெடந்தா மூஞ்சியில ஒரு சிரிப்பு வரும். நிப்பாட்டும்போது வண்டி மூஞ்சி ரோட்டப் பாத்துத்தான் இருக்கணும், என்னமும் ஒண்ணுன்னா அந்தானிக்கு கெளம்பிப் போயிரலாம். நானும் ஆளப் பாத்தே அளவு சொல்லுத டெய்லருதான், டேப்பு எதுக்குடேன்னு கேக்குத ஆளுதான். அந்தத் திமிரெல்லாம் இவ இடம் பாக்குத நேரத்துல பக்கத்துலயே வரமாட்டேங்குது.

இடம் கெடைச்சாகணும், அதுவும் இருட்டுறதுக்குள்ள கெடைச்சாகணும். அது ஏன்னு சொல்லணும்லா. எங்க ஒத்த மக செண்பகா கோயமுத்தூர்ல இருக்கா. அம்மையும் அப்பனும் நடுரோட்டுல படுத்துக் கெடக்காங்கன்னு அவளுக்குத் தூக்கமே இல்லையாம். ஒரே சண்டை. கடைசியில இவதான் அவகிட்ட சொல்லி முடிச்சா: ‘ஏளா, தெனமும் ஏழு மணிக்கு நீ போன் போடு. என்னைக்காவது ஒரு நாளு நிக்க இடம் கெடைக்காம நாங்க ரோட்டுல முழிச்சிக்கிட்டு நின்னோம்னா, மறுநாளே வண்டிய வித்துட்டு உங்கூட வந்துருதோம்.’ சொன்ன வார்த்தைய மாத்துத ஆளு இல்ல உலகம்மா. செண்பகாவும் லேசுப்பட்டவ இல்ல, கரெக்டா ஏழு மணிக்கு அடிப்பா. நாப்பத்தோரு நாளும் இவ, ‘கெடைச்சு எவ்வளவோ நேரமாச்சு, சாப்புட்டே முடிச்சாச்சு’ன்னு ராணி மாதிரி பதில் சொல்லிருக்கா. அந்தக் குரலக் கேக்கதுக்காகவே நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். ஒரு நாளு தவறிட்டுன்னா என்ன ஆவும்? மக வீட்டு மூணாவது மாடியில, பால்கனியில துணி காயப் போட்டுக்கிட்டு, கீழ போற வண்டிய எட்டிப் பாத்துக்கிட்டு நிக்குத உலகம்மாவ என்னால நெனச்சே பாக்க முடியல. வேண்டாம், அத நெனைக்கப்படாது.

வண்டி நின்னுட்டு. கமுதி தாண்டி ஒரு ஊரு, பால் சொசைட்டிக் கட்டடம், முன்னால நல்ல வெட்டவெளி, ஒரு குழாய், ஒரு வேப்பமரம், படுத்துக் கெடக்குத நாயி. எல்லாம் அம்சமா இருக்கு. ‘இங்கனயே நிப்போமா?’ன்னு கேக்கா. சரின்னு சொல்லிருக்கணும். எனக்குத்தான் நாக்குல சனி. ‘இன்னும் முப்பது கிலோமீட்டர்ல கடலு இருக்கு உலகு. மூக்கையூர்க் கரையில போயி நிப்பாட்டுனா காலையில கதவத் தொறந்ததும் கடலு. ஒரு நாளாவது கடலப் பாத்து முழிக்கணும்ளா’ன்னேன். மலையடிவாரத்துலயே பொறந்து வளந்த எனக்கு அந்த ஆசை ரொம்ப நாளா உண்டு. அவ வானத்தப் பாத்தா. கைக்கடிகாரத்தப் பாத்தா. பெறவு என் மூஞ்சியப் பாத்தா, கொஞ்ச நேரம் பாத்தா, சட்டைக்குத் துணி எடுக்குதவங்க நெறத்தப் பாக்குத மாதிரி. ‘சரி, போவோம்’னுட்டு வண்டிய எடுத்துட்டா. அஞ்சு மணிக்கு மேல வண்டி ஓடாதுங்கது அவ சட்டம், எனக்காக அதை மீறுதா. எனக்குப் பெருமை தாங்கல.

ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலந்தான், வேற ஒண்ணும் கண்ணுல படல. நான் சாஞ்சு உக்காந்துக்கிட்டேன். தை மாசம் மொத தடவ கெளம்பும்போது அந்தச் சட்டம் ஆறு மணியா இருந்துது. மாசியில அஞ்சரை. இப்பப் பங்குனியில அஞ்சு. ‘பொழுதோட நிப்பாட்டுனாத்தான் இடத்தப் பத்தி நாலும் விசாரிக்கலாம்’பா. எவ்வளவு வெவரம்! நானா இருந்தா பத்து மணி வரைக்கும் ஓட்டிட்டு ஏதாவது சாக்கடை ஓரத்துல நிப்பேன். விசாரிக்குததுலயும் அவளுக்கு ஒரு வழி உண்டு. ஆம்பளைகிட்ட கேக்கவே மாட்டா. தண்ணி எடுக்க வாற பொம்பளைகிட்ட போயி, ‘இது நல்ல தண்ணியா, குடிக்கலாமா?’ன்னு கேப்பா. அவ்வளவுதான். தங்கலாமான்னு கேக்கதே இல்ல. அந்தப் பொம்பள குடிக்கலாம்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டா, வண்டியில ஏறிருவா. ‘எந்த ஊரு நீங்க?’ன்னு திருப்பிக் கேட்டா, இடம் நம்மளுது. அருப்புக்கோட்டையில கல்யாண மண்டபத்து வாசல்ல நின்னோமே, வாட்ச்மேன் எங்கள மாப்பிள்ளை வீட்டுக்காரங்கன்னு நெனச்சுக்கிட்டு காலையில காப்பி கொண்டாந்து குடுத்தான். நான் முழிக்கேன், இவ தம்ளர வாங்கிக்கிட்டு, ‘மாப்பிள்ளை எந்திரிச்சாச்சா?’ன்னு கேக்கா. நெஞ்சழுத்தக்காரி. இருட்டுனதுக்குப் பெறவு வண்டிய விட்டு எறங்கவும் மாட்டா. எறங்கணும்னா என் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் எறங்குவா. இந்த வயசுல கையப் பிடிக்காளேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே கிளுகிளுப்பு. வீட்டுல இருந்த வரைக்கும் அவ அப்படி கையப் பிடிச்சதே கெடையாது.

ரோட்டுல பாலம் வேலை நடக்குதாம், மண்பாதையில போகச் சொல்லி அம்புக்குறி போட்டு வச்சிருக்கான். சரி, ஒரு பத்து நிமிசம் கூட ஆவும். ஆவட்டும். மண்பாதையில திரும்புனா ஆட்டு மந்தை. ஆயிரம் ஆடு இருக்கும், ரோட்ட அடைச்சுக்கிட்டு வருது, ஒண்ணு நவுந்தா ஒண்ணு நிக்குது. அவ ஆரன் அடிக்கல. ஸ்டியரிங்குல வெரலத் தட்டுதா. கடிகாரத்தப் பாக்கா. பொழுது செவந்து கருவேலங்காட்டுக்குப் பின்னால எறங்கிக்கிட்டிருக்கு. கடைசி ஆடு போவயில மணி ஆறேகால். ஏழு மணிக்குப் போன் வரும். அவளப் பாத்தேன். கண்ணாடிப் பக்கம் குனிஞ்சு, தாடை ஸ்டியரிங்குல இடிக்குத மாதிரி உக்காந்திருக்கா. வண்டி இருவதுலதான் போவுது. ‘பேசிக்கிட்டே வாங்க, தூக்கம் வருது’ன்னா. ‘என்ன பேச?’ ‘ரோட்டுல என்னென்ன தெரியுதோ அதச் சொல்லிக்கிட்டே வாங்க.’ நானும் குஷியாயிட்டேன். எடது பக்கம் ஒரு கல்லு, வலது பக்கம் ஒரு பள்ளம், அந்தா ஒரு மைல்கல்லு, மயிலு ஒண்ணு ஓடுதுன்னு சொல்லிக்கிட்டே வாறேன். அளவு நான் சொல்லச் சொல்ல இவ நோட்டுல எழுதுன காலமெல்லாம் உண்டு, கடையில. எதுத்தாப்புல ஒரு லாரி லைட்டப் போட்டுக்கிட்டு வந்துது. இவ சுத்தமா நிப்பாட்டிட்டா. அது போயி, புழுதி அடங்கி, பெறவும் நிக்கா. என்ன ஒரு பொறுமைன்னு நெனச்சேன். நெசமாவே அப்படித்தான் நெனச்சேன், என்னையச் செருப்பால அடிக்கணும்.

‘சைக்கிளு!’ன்னு கத்துனேன். எப்படிக் கத்துனேன்னே தெரியல. வண்டி குலுங்கி நின்னுது. முன்னால ஒரு அடி தூரத்துல ஒரு பெரியவரு, சைக்கிள்ல வெறகுக் கட்டு, அப்படியே ஒத்தக் கால ஊனிக்கிட்டு நிக்காரு. லைட்டு வெளிச்சத்து ஓரத்துலதான் நிக்காரு. வெள்ளைத் துண்டு கட்டிருக்காரு. ‘ஏத்தா, பாத்து வரக் கூடாதா?’ன்னாரு, கோவங்கூட இல்ல. இப்ப உலகம்மா என்ன சொல்லணும்? பத்தொம்பது வருசத்துல இப்படி எத்தன பேரு சொல்லிருப்பான், எத்தன பேர இவ வாங்கு வாங்குன்னு வாங்கிருப்பா. சைக்கிள்ல லைட்டு வச்சுக்கிட்டுப் பேசும்னு சொல்லணும். ஓரமாப் போவத் தெரியாதான்னு கேக்கணும். அவ சன்னல் வழியாத் தலைய நீட்டி, ‘தெரியலண்ணே’ன்னா. அவ்வளவுதான். பெரியவரு போயிட்டாரு. தெரியலண்ணே. அந்தச் சொல்லு போவமாட்டேங்குது. முப்பத்தோரு வருசத்துல எனக்குத் தெரியலன்னு எங்கிட்ட ஒரு தடவ சொன்னவ கெடையாது. தெரியலண்ணே. வண்டி நகரல.

ஒண்ணொண்ணா வருது. ஆறு மணி அஞ்சரையாச்சு, அஞ்சரை அஞ்சாச்சு. இருட்டுனா எறங்கமாட்டா. சாம்பார நான்தான் ஊத்தணும், கரண்டிய எங்கிட்ட நீட்டுவா, ‘உங்க கையால ஊத்துனா ருசி’ம்பா, நானும் ஈன்னு இளிச்சுக்கிட்டு ஊத்துவேன். மெத்தைய விரிக்கும்போது கையால தடவித் தடவி விரிப்பா, ‘சுருக்கம் இருக்கான்னு பாக்கேன், டெய்லரு பொண்டாட்டிலா’ம்பா. கார்த்திகை மாசம் கண்ணு காம்ப்புக்குப் போயிட்டு வந்து, ‘ஒண்ணுமில்ல, கண்ணு நல்லா இருக்கு’ன்னா. அந்த வாரமே ஸ்கூலுக்குப் போயி, ‘இனிமே பிள்ளைகள ஏத்தல, வேற வண்டி பாத்துக்கிடுங்க’ன்னுட்டு வந்துட்டா. சலிச்சுப் போச்சுன்னு நெனச்சேன். அட மடையா! ஊராம் பிள்ளைகள ஏத்தப்படாதுன்னு அன்னைக்கே முடிவு எடுத்திருக்கா. என்னைய மட்டும் ஏத்திருக்கா, நான் போனாப் பரவாயில்லன்னு. எனக்குச் சிரிப்பு வருது, அடுத்த நொடி கோவம் வருது, அந்தப் பெரியவரு மேல ஏத்திருந்தா? வெறகுக் கட்டோட அவரு கீழ கெடந்திருந்தா? கோவத்த யாரு மேல காட்ட? அஞ்சு மணிக்கு மேல ஓட்டமாட்டேன்னவள கடலு கடலுன்னு இழுத்துட்டு வந்தது நான்தான. ஆளப் பாத்து அளவு சொல்லுத மயிராண்டி. இடுப்பளவு சொல்லுவேன், தோளளவு சொல்லுவேன். ஒரு பாயில படுத்துக்கிட்டு, பொண்டாட்டிக்குக் கண்ணு தெரியலங்குதது தெரியல. அத்தனையும் அவ கெட்டிக்காரத்தனம்னு கைதட்டிக்கிட்டுக் கெடந்திருக்கேன். ஆனா கெட்டிக்காரத்தனந்தான! கண்ணு அவிஞ்சுக்கிட்டு வரும்போதே நாப்பத்தோரு நாளு, ஒரு நாளு பெசகாம, வெளிச்சத்துக்குள்ள நாயப் பாத்து, தரையப் பாத்து, இடம் பிடிச்சு, என்னைய நிம்மதியாத் தூங்க வச்சிருக்கா. வேற எவளால முடியும்?

‘எப்பருந்து உலகு?’ன்னு கேட்டேன். ‘எது?’ன்னா. பெறவு அவளே, ‘ஆவணியில லேசா ஆரம்பிச்சுது. கார்த்திகையில டாக்டரு சொன்னாரு’ன்னா. ‘என்ன சொன்னாரு?’ ‘உள்ளுக்குள்ள நரம்பு காஞ்சுக்கிட்டு வருதாம். மருந்து கெடையாதாம். மொதல்ல ராத்திரி போவுமாம். பெறவு பைய பைய பகலும் போவுமாம். இப்பைக்குப் பகல்ல ஓட்டலாம், பொழுது சாஞ்சாத் தொடப்படாதுன்னாரு.’ எவ்வளவு சாதாரணமாச் சொல்லுதா. ‘எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லாட்டி?’ ‘சொன்னா வீட்டுக்குள்ள உக்கார வச்சிருப்பிய. பகலு இருக்க வரைக்கும் நாலு ஊரப் பாத்துக்கிடுவோம்னுதான் சீட்டக் கழத்துனேன். நானும் கடலப் பாத்து முழிச்சதில்லையே.’ வெளிய சுத்தமா இருட்டிட்டு.

போன் அடிக்குது. ஏழு மணி. ‘நீங்க எடுங்க’ன்னா உலகம்மா. ‘உள்ளதச் சொல்லிருங்க. இடம் கெடைக்கல, நாளைக்கு வாறோம்னு சொல்லிருங்க.’ அவ குரல்ல ராணி இல்ல. எடுத்தேன். ‘என்னப்பா, இடம் கெடைச்சுட்டா?’ங்கா மக. நான் கண்ணாடி வழியாப் பாக்கேன். மொதத் தடவயா நான் இடம் பாக்கேன். எடது பக்கம் காடு, வலது பக்கம் காடு. முன்னால பாதையக் குறுக்கிடுத ஓடைக்கு மேல ஒரு சின்னப் பாலம், ரெண்டு பக்கமும் கட்டைச்சுவரு இல்ல. அதுக்கு அங்கிட்டு ஒரு நூறு அடியில பொகை, பொகைக்கு நடுவுல ஒரு லைட்டு, லைட்டுக்குக் கீழ ஒரு பொம்பள ஆளு குனிஞ்சு நிமிருதா. ‘கெடைச்சுட்டுளா, கண்ணு முன்னால இருக்கு’ன்னு சொல்லி வச்சுட்டேன். உலகம்மா என்னையவே பாக்கா. ‘பொய் சொல்லுதிய.’ ‘பொய் இல்ல. நீ இங்கனயே இரு. இண்டிகேட்டரப் போட்டுக்கோ.’ எறங்கி ஓடுனேன்.

கரி மூட்டம் போடுத இடம். கருவேல வெறக அடுக்கி, மண்ணு பூசி, உள்ளுக்குள்ள தீ வச்சு, ஆளு உசரத்துக்கு நாலு மூட்டம் பொகைஞ்சுக்கிட்டு நிக்குது. அந்தம்மா கையில வாளி. தண்ணிய எடுத்து ஒரு ஓட்டையில மண்ணக் கொழச்சு அப்புதா. உலகம்மா எப்படிக் கேப்பா, நல்ல தண்ணியான்னு கேப்பா, எல்லாம் ஞாபகம் இருக்கு. எனக்கு அதெல்லாம் வரல. ‘தாயி, எம் பொண்டாட்டிதான் வண்டி ஓட்டுதா. அவளுக்கு ராத்திரி கண்ணு தெரியல. இங்கன நிப்பாட்டிக்கிடட்டுமா?’ன்னு கேட்டுட்டேன். வெளிய ஒரு ஆளுகிட்ட அதச் சொன்னதும்தான் அது நெசமாயிட்ட மாதிரி இருந்துது. அந்தம்மா கையத் துடைச்சுக்கிட்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் மினுக்கு மினுக்குன்னு எரியுத லைட்டப் பாத்தாங்க. ‘கண்ணு தெரியாமலா இம்புட்டுத் தூரம் வந்துருச்சு? பெரிய ஆளுதான். கூட்டிட்டு வாங்கய்யா, அந்தக் கொட்டாய்க்கு முன்னால போடுங்க. மூட்டத்துல எங்கயும் தீ வெளிய எட்டிப் பாத்துருச்சுன்னா அம்புட்டும் சாம்பலாயிரும், நான் விடிய விடிய முழிச்சுத்தான் கெடக்கணும். நீங்க தூங்குங்க’ன்னாங்க. எனக்கு அந்தம்மா கால்ல விழலாம் போல இருந்துது. ராத்திரி பூரா ஒரு பொம்பள முழிச்சிருக்குத இடம். உலகம்மாகூட இப்படி ஒரு இடத்த இதுக்கு முன்ன பிடிச்சதில்ல.

திரும்பி ஓடிவந்து சொன்னேன். ஒரு வார்த்த விடாமச் சொன்னேன், பெரிய ஆளுதான்னு அந்தம்மா சொன்னதையும் சேத்து. உலகம்மா மூஞ்சிய வேற பக்கம் திருப்பிக்கிட்டா. ‘நாளையிலருந்து மூணு மணிக்கே நிப்பாட்டிருவோம்ளா. நான் ஓட்டப் படிக்கேன். படிக்குத வரைக்கும் மூணு மணிதான்’னேன். ‘உங்களுக்குச் சைக்கிளே நேரா வராது’ன்னா, மூக்க உறிஞ்சிக்கிட்டே. பெறவு முன்னால கைய நீட்டி, ‘அந்தப் பாலத்துல சுவரு இருக்கா?’ன்னு கேட்டா. ‘இல்ல.’ ‘எனக்கு ஒண்ணுமே தெரியலங்க. வெளிச்சத்துக்கு நடுவுல மட்டும் என்னமோ தெரியுது, ஓரமெல்லாம் ஒரே கருப்பு. நான் எப்படிக் கொண்டு போவேன்?’ ‘முன்னால நான் நடக்கேன், நீ பின்னாலயே வா.’ வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதுதான் நான் எப்பவும் போடுதது. வேட்டிய மடிச்சுக் கெட்டல, நீளமாத் தொங்க விட்டுக்கிட்டேன். வண்டிக்கு முன்னால போயி வெளிச்சத்துக்கு நடுவுல நின்னேன். கியர் விழுத சத்தம் கேட்டுது. நடக்கேன். பின்னால இஞ்சின் உறுமுது, முதுகுல சூடு அடிக்குது. முப்பத்தோரு வருசமா என்னைய இழுத்துக்கிட்டுத் திரிஞ்ச பொம்பள, என்னைய நம்பி ஒரு எட்டு ஒரு எட்டா வாறா. பாலத்துல கால வச்சேன். கீழ தண்ணி கெடக்கு, எவ்வளவு ஆழமோ. கண்ணுல இருந்து ஊத்துது, தொடைக்கேன், பெறவும் ஊத்துது, கால் ஓரமா இழுத்துக்கிட்டுப் போவுது. சன்னல் வழியா அவ சத்தம் கேட்டுது.

‘கண்ணத் தொடைக்கதெல்லாம் அங்கன போயித் தொடைச்சுக்கிடுங்க. இப்ப நேரா நடங்க. உங்க வேட்டி ஒண்ணுதான் எனக்குத் தெரியுது.’